மேரி கிளேர் கிங் துறை மாறினாரா, ஒரே கேள்வியைத்தான் துரத்தினாரா?

இளவேனில் எழுதியது:

வணக்கம் நண்பர்களே. மேரி கிளேர் கிங் என்ற அமெரிக்க மரபியலாளரின் பெயரைச் சொன்னால் புற்றுநோய் ஆய்வில் இருப்பவர்களுக்கு, பழுதானால் மார்பக, சினைப்பைப் புற்றுநோய் ஆபத்தைக் கூட்டும் பிஆர்சிஏ1 மரபணு நினைவுக்கு வரும். பரிணாமம் படித்தவர்களுக்கு மனிதனையும் சிம்பன்சியையும் ஒப்பிட்ட 1975ஆம் ஆண்டு கட்டுரை. மனித உரிமைப் பக்கம் இருப்பவர்களுக்கு அர்ஜென்டினாவில் காணாமல் போன குழந்தைகள். மூன்று கூட்டமும் மூன்று வேறு ஆட்களைப் பற்றிப் பேசுவது போலவே இருக்கும்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: 1946இல் சிகாகோவுக்குப் பக்கத்தில் பிறந்தவர். கார்லட்டன் கல்லூரியில் கணிதம் முடித்துவிட்டு, புள்ளியியல் படிக்க கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகம் போனார். அங்கே கர்ட் ஸ்டெர்ன் நடத்திய மரபியல் வகுப்பில் உட்கார்ந்ததும் மனம் மாறிவிட்டது. வியட்நாம் போர் எதிர்ப்புப் போராட்டங்கள் நடந்த காலம். ஆய்வகத்தில் எதுவும் சரியாக வரவில்லை என்று படிப்பை நிறுத்திவிட்டு, நுகர்வோர் உரிமைப் போராளி ரால்ஃப் நாடரின் அமைப்பில் பூச்சிக்கொல்லிகள் குறித்த வேலைக்கே போய்விட்டார். அவரைத் திரும்ப அழைத்து வந்தவர் பெர்க்லி உயிர்வேதியியலாளர் ஆலன் வில்சன். அவரே ஆய்வு வழிகாட்டி. 1973இல் முனைவர் பட்டம். அடுத்த ஆண்டே மார்பகப் புற்றுநோய்ப் பக்கம் திரும்பினார். 1976 முதல் பெர்க்லியில் பேராசிரியர், 1995 முதல் சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில்.

'பரிணாமத்தை விட்டு மருத்துவத்துக்குப் போனவர்' என்றுதான் பல அறிமுகக் கட்டுரைகள் எழுதுகின்றன. எனக்கு அது சரியாகப் படவில்லை. இரண்டு உயிர்களை அருகருகே வைத்து, எங்கே ஒத்துப்போகிறது, எங்கே விலகுகிறது, அந்த விலகல் எந்தத் தலைமுறையில் நுழைந்தது என்று கேட்பதுதான் அவர் வாழ்நாள் முழுக்கச் செய்த வேலை. உயிரினம் மாறியது, நோய் மாறியது, நாடு மாறியது. கேள்வி மாறவில்லை.

உங்கள் கருத்து என்ன? குறிப்பாக ஆய்வகத்தில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.

---

நுண்ணோக்கி எழுதியது:

நல்ல இழை. 1975 கட்டுரையிலிருந்து தொடங்குகிறேன். அதைப் பற்றிப் பேசுகிறவர்கள் முடிவைச் சொல்கிறார்களே தவிர, வேலை எப்படி நடந்தது என்று சொல்வதே இல்லை.

அன்றைக்கு டிஎன்ஏ வரிசையை நேரடியாகப் படிக்கும் வசதி இல்லை. கையில் இருந்தது ரத்தம், அதிலுள்ள புரதங்கள். மனிதப் புரதத்தையும் சிம்பன்சிப் புரதத்தையும் ஜெல் என்ற ஒரே கூழ்ப் படலத்தில் அடுத்தடுத்த குழிகளில் விட்டு மின்சாரம் பாய்ச்ச வேண்டும். புரதத்தின் மின்னேற்றம் மாறியிருந்தால் அது ஓடும் தூரமும் மாறும். சாயம் ஏற்றிப் பார்த்தால் பட்டை மேலேயோ கீழேயோ விலகித் தெரியும். விலகவில்லை என்றால் அந்த முறையின் கண்ணுக்கு இரண்டும் ஒன்று. இப்படி 44 மரபணுக்களின் புரதங்களைப் பார்த்தார்கள்.

கிங் தேடியது வித்தியாசத்தை. கிடைத்ததோ ஜெல்லுக்கு ஜெல் ஒரே உயரத்தில் நிற்கும் பட்டைகள். ஆய்வு மாணவருக்கு இதைவிடச் சோர்வு தரும் விஷயம் கிடையாது. தன் வேலை தோற்றுவிட்டது என்றே அவர் நினைத்திருக்கிறார். வித்தியாசம் கிடைக்காததே கண்டுபிடிப்புதான் என்று வில்சன் பார்த்தார். ஜெல் முறை மின்னேற்ற மாற்றத்தை மட்டுமே காட்டும் என்பதால் அதோடு நிறுத்தவில்லை. அமினோ அமில வரிசைகள், எதிர்ப்புப் புரதங்களை வைத்துச் செய்யும் ஒப்பீடு, டிஎன்ஏ இழைகளை ஒட்டவைத்துப் பார்க்கும் முறை என எல்லாவற்றையும் சேர்த்தார்கள். எல்லாம் ஒரே பக்கம்தான் கைகாட்டின: சராசரி மனிதப் புரதம் சிம்பன்சிப் புரதத்தோடு 99 சதவீதத்துக்கும் மேல் ஒத்துப்போகிறது.

வில்சனின் ஆய்வகம் தவளைகளையும் பார்த்துக்கொண்டிருந்தது. தவளைகள் உருவத்தில் ஒன்றுபோலவே இருக்கும், புரதத்திலோ வெகுதூரம் விலகியிருக்கும். மனிதனும் சிம்பன்சியும் நேர் எதிர். உடலிலும் வாழ்க்கை முறையிலும் பெரிய இடைவெளி, புரதத்தில் இரண்டு சகோதர இனங்களுக்கு இருக்கும் அளவே இடைவெளி. அப்படியானால் உருவ மாற்றம் வேறு எங்கிருந்தோ வர வேண்டும். மரபணு எப்போது, எந்தத் திசுவில், எவ்வளவு வேலை செய்கிறது என்பதைத் தீர்மானிக்கும் கட்டுப்பாட்டுப் பகுதிகளில்தான் தேட வேண்டும் என்று இருவரும் வாதிட்டார்கள். அந்தப் பகுதிகள் எங்கே இருக்கின்றன என்றுகூடச் சரியாகத் தெரியாத காலத்தில் எழுதிய வாதம் அது.

---

புள்ளிவிவரம் எழுதியது:

நுண்ணோக்கி சார், உங்கள் பதிவு அருமை. ஆனால் 99 என்ற எண்ணை மக்கள் பயன்படுத்தும் விதத்தில் எனக்கு மனத்தாங்கல் உண்டு.

2005இல் சிம்பன்சி மரபணுத் தொகுதி வெளியானது. ஒன்றோடொன்று பொருந்தும் பகுதிகளில் டிஎன்ஏவின் ஓர் எழுத்து மட்டும் மாறும் இடங்கள் சுமார் 1.23 சதவீதம், அதாவது 3.5 கோடி இடங்கள். அந்த அளவில் கிங், வில்சன் மதிப்பீடு சரி என்றே நிலைத்துவிட்டது. ஆனால் சேர்ந்தும் விடுபட்டும் போன துண்டுகளையும் கணக்கில் எடுத்தால் வித்தியாசம் இன்னும் கூடும். 'எத்தனை சதவீதம்' என்ற கேள்விக்கு, எதை எண்ணுகிறோம் என்று முதலில் சொல்லாமல் பதிலே கிடையாது.

அடுத்தது, அதே 2005 கட்டுரையில் இன்னொரு தகவல்: முழுக்க ஒன்றாகவே இருக்கும் புரதங்கள் 29 சதவீதம்தான். மற்றவற்றில் சராசரியாக இரண்டு அமினோ அமிலங்கள் மாறியிருக்கின்றன. இரண்டு மாற்றம் சின்ன விஷயம் என்று ஒதுக்க முடியாது. பேச்சோடு தொடர்புடைய ஃபாக்ஸ்பி2 புரதத்தில் நமக்கும் சிம்பன்சிக்கும் இருப்பது அதே இரண்டே மாற்றங்கள்தான். 'பரிணாமம் முழுக்கக் கட்டுப்பாட்டுப் பகுதிகளில்தான் நடக்கிறது' என்று பின்னால் வந்தவர்கள் பேசத் தொடங்கியபோது, பரிணாம உயிரியலாளர்கள் ஹோப்பி ஹோக்ஸ்ட்ராவும் ஜெர்ரி காயினும் 2007இல் கடுமையாக மறுத்து எழுதினார்கள். புரதமே மாறி நடந்த தகவமைப்புக்கு அவர்கள் வரிசையாக எடுத்துக்காட்டு வைத்தார்கள். அந்த மறுப்பை மதிக்கிறேன்.

---

இளவேனில் எழுதியது:

மறுப்பு நியாயமானது, புள்ளிவிவரம். ஆனால் கிங்கும் வில்சனும் 'முழுக்க' என்று சொல்லவில்லை. புரத மாற்றம் மட்டும் போதாது என்பதுதான் அவர்கள் வாதம். அது எவ்வளவு தூரம் செல்லும் என்பதை மனித உடல்நலத்திலேயே பார்க்கலாம்.

பெரியவர்களான பின்னும் பால் செரிக்கும் திறன் ஐரோப்பியர்களில் எங்கிருந்து வந்தது? லாக்டேஸ் மரபணுவின் புரதப் பகுதியில் எதுவும் மாறவில்லை. அதற்குச் சுமார் 14 ஆயிரம் எழுத்துகள் முன்னால், பக்கத்து மரபணுவுக்குள் ஓர் எழுத்து மாறியிருக்கிறது. வைவாக்ஸ் மலேரியா மேற்கு ஆப்பிரிக்கர்கள் பலரைத் தாக்குவதில்லை. அதற்கும் காரணம் டஃபி மரபணுவின் முன்பகுதியில் ஓர் எழுத்து. அதனால் அந்தப் புரதம் சிவப்பணுவில் உருவாவதே இல்லை, மற்றத் திசுக்களில் வழக்கம்போல் உருவாகிறது. அரிவாள் செல் ரத்தசோகைக்கு 2023இல் அனுமதி பெற்ற மரபணுத் திருத்தச் சிகிச்சையும், கருவில் உருவாகும் ஹீமோகுளோபினைப் பிறந்த பின் அடக்கிவைக்கும் பிசிஎல்11ஏ மரபணுவின் கட்டுப்பாட்டுப் பகுதியைத்தான் வெட்டுகிறது. புரதத்தைத் தொடுவதே இல்லை.

1975இல் சிம்பன்சியைப் பற்றிச் சொன்ன வாதம் இன்றைக்கு நோயாளியின் ரத்த அணுவில் வேலை செய்கிறது. இதைத்தான் ஒரே பாதை என்கிறேன்.

---

செவ்வந்தி எழுதியது:

நான் உயிரியல் படித்தவள் இல்லை. என் அக்காவுக்கு 38 வயதில் மார்பகப் புற்றுநோய் வந்தது, சிகிச்சை முடிந்து நன்றாக இருக்கிறாள். பிஆர்சிஏ என்ற பெயர் அப்படித்தான் எங்கள் வீட்டுக்குள் வந்தது. ஒரு சந்தேகம். எந்த மரபணு என்றே தெரியாமல், அப்படி ஒன்று இருக்கிறதா என்றும் தெரியாமல் அவர் எப்படித் தேடினார்? சிம்பன்சியைப் பார்த்தவருக்கு இது எப்படிக் கைவந்தது? எளிமையாகச் சொன்னால் நன்றி.

---

புள்ளிவிவரம் எழுதியது:

செவ்வந்தி, உங்கள் அக்கா நன்றாக இருக்கிறார் என்று கேட்டு மகிழ்ச்சி. உங்கள் கேள்விதான் இந்த இழையின் நடுநாயகம். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

1970களில் புற்றுநோய்க்கு வைரஸ் காரணமாக இருக்கலாம் என்பதில்தான் பலரின் கவனம் இருந்தது. மார்பகப் புற்றுநோய் போல எல்லா இடத்திலும் காணப்படும் சிக்கலான நோயை ஒரு மரபணு கொண்டுவரும் என்று யாரும் பெரிதாக நம்பவில்லை. சில குடும்பங்களில் அடுக்கடுக்காக வருவது தெரிந்த விஷயம்தான். பிரெஞ்சு மருத்துவர் பால் ப்ரோகா தன் மனைவியின் குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக வந்ததை 1866இலேயே எழுதி வைத்திருக்கிறார். ஆனால் குடும்பத்தில் வருவதெல்லாம் மரபணுவால் வருவது ஆகாது. ஒரே சூழல், ஒரே பழக்கம், வெறும் தற்செயல், எதுவாகவும் இருக்கலாம்.

அதனால் கிங் முதலில் மரபணுவைத் தேடவே இல்லை. 'இருக்கிறதா' என்பதைக் கணக்கால் கேட்டார். அவரும் பெத் நியூமனும் மற்றவர்களும் மார்பகப் புற்றுநோய் வந்த பெண்களின் 1,579 குடும்பங்களை எடுத்துக்கொண்டார்கள். யார் யாருக்கு எந்த வயதில் வந்தது, யாருக்கு வரவில்லை என்ற விவரத்தை வைத்து, எந்த வகை விளக்கம் இதற்குப் பொருந்துகிறது என்று பார்த்தார்கள். 1988இல் வந்த விடை: பெரும்பாலான குடும்பங்களுக்குப் பரம்பரை விளக்கம் தேவையில்லை, சுமார் 4 சதவீதக் குடும்பங்களில் மட்டும் ஆபத்தை வெகுவாகக் கூட்டும் ஒற்றை மரபணு இருந்தால்தான் கணக்கு ஒத்துவருகிறது. சோதனைக்குழாய் எதுவும் இல்லை. கணிதம் மட்டும்.

அடுத்தது 'எங்கே'. குரோமோசோம்களில் ஆளுக்கு ஆள் மாறுபடும் இடங்கள் உண்டு. அவற்றை அடையாளக் குறிகளாக எடுத்துக்கொள்வோம். ஒரு குடும்பத்தில் நோய் வந்தவர்களிடம் எல்லாம் ஒரு குறியின் ஒரே வடிவம் இருந்து, வராதவர்களிடம் அது இல்லையென்றால், நோய் மரபணு அந்தக் குறிக்குப் பக்கத்தில் இருக்கலாம். இரண்டும் அருகருகே இருப்பதால் சேர்ந்தே பிள்ளைகளுக்குப் போகின்றன. இப்படி ஒவ்வொரு குறியாக, நூற்றுக்கும் மேற்பட்ட குறிகளைப் பார்த்தார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண். மதிப்பெண் 3 என்றால், தற்செயலைவிட ஆயிரம் மடங்கு அதிகமாகப் பொருந்துகிறது என்று அர்த்தம். அதற்குக் கீழே இருந்தால் யாரும் நம்ப மாட்டார்கள்.

17ஆவது குரோமோசோமின் நீண்ட கையில் இருந்த ஒரு குறியிடம் வந்தபோது, இந்தத் தேடலுக்கு எடுத்துக்கொண்ட 23 குடும்பங்களையும் மொத்தமாகக் கூட்டினால் தெளிவான விடை இல்லை. சில குடும்பங்கள் ஆம் என்றன, சில இல்லை என்றன. இங்கேதான் அந்த முக்கியமான வேலை நடந்தது. குடும்பங்களை நோய் வந்த சராசரி வயதின்படி வரிசைப்படுத்தினார்கள். இளவயதில் வந்த குடும்பம் மேலே, முதிய வயதில் வந்தது கீழே. இப்போது அந்த அட்டவணையை மனதில் வைத்துப் பாருங்கள்: மேலிருந்து ஒவ்வொரு குடும்பமாகக் கூட்டிக்கொண்டே வந்தால் மதிப்பெண் ஏறிக்கொண்டே போய் 5.98ஐத் தொடுகிறது. தற்செயலைவிட ஏறத்தாழ 10 லட்சம் மடங்கு. அப்புறம், வயது கூடிய குடும்பங்கள் வரத் தொடங்கியதும் மதிப்பெண் இறங்குகிறது. இரண்டு வேறு வகை நோய் ஒரே பெயரில் கலந்து கிடந்திருக்கிறது. வயது அவற்றைப் பிரித்துக் காட்டியது.

அந்த இடத்தில் இருக்கும் மரபணுவுக்குத்தான் பிஆர்சிஏ1 என்று பெயர். இந்த முடிவு 1990 டிசம்பரில் அச்சானது. பிரான்சில் லியோன் நகரத்தில் ஜில்பர் லெனுவார் குழு தங்களிடம் இருந்த குடும்பங்களில் அதையே கண்டு உறுதிப்படுத்தியது. சினைப்பைப் புற்றுநோயும் அதே இடத்தோடு சேர்ந்து வருவதை அவர்கள் காட்டினார்கள்.

சிம்பன்சி பற்றிக் கேட்டீர்கள். ஒரு பொது மூதாதையிடமிருந்து கிளைத்தவர்களில் யார் எதைச் சுமக்கிறார்கள் என்று பார்க்கும் கணக்கு இரண்டிலும் ஒன்றே. அங்கே கிளைகளுக்கு நடுவே பல லட்சம் ஆண்டுகள். இங்கே மூன்று நான்கு தலைமுறை.

---

ஆலமரம் எழுதியது:

அட்டவணை விளக்கம் கண்ணில் நிற்கிறது. ஆனால் இடத்தைக் கண்டது வேறு, மரபணுவைக் கையில் எடுத்தது வேறு. 1990க்கும் 1994க்கும் நடுவே உலகெங்கும் பல குழுக்கள் ஓடின. கிங் மிச்சிகனில் இருந்த ஃபிரான்சிஸ் காலின்ஸ் குழுவோடு சேர்ந்து தேடினார். கடைசியில் 1994இல் முதலில் எடுத்தது யூட்டாவில் மார்க் ஸ்கோல்னிக் தலைமையிலான குழு. அவர்களிடம் பல தலைமுறைகளைத் தொடர்ந்து பதிவுசெய்த, மார்மன் என்ற மதப் பிரிவினரின் குடும்ப வரலாறுகள் இருந்தன, மிரியட் ஜெனெடிக்ஸ் என்ற நிறுவனமும் இருந்தது. காப்புரிமையும் வாங்கினார்கள். அதன் விளைவாக அமெரிக்காவில் இந்தப் பரிசோதனை நீண்ட காலம் ஒரே நிறுவனத்தின் கையில் இருந்தது, கட்டணம் 3,000 டாலரைத் தாண்டியது.

2013 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பு சொன்னது: இயற்கையில் இருக்கும் டிஎன்ஏ துண்டைப் பிரித்தெடுத்ததற்காகக் காப்புரிமை கிடையாது. ஆய்வகத்தில் உருவாக்கும் சிடிஎன்ஏ என்ற டிஎன்ஏ பிரதிக்குக் கிடைக்கும். தீர்ப்பு வந்தவுடனே மற்ற ஆய்வகங்கள் பரிசோதனையைத் தொடங்கிவிட்டன. கிங்கின் குழு அதற்கு முன்பே, 2010இல், மார்பக, சினைப்பைப் புற்றுநோயோடு தொடர்புள்ள 21 மரபணுக்களை ஒரே தடவையில் படிக்கும் முறையைச் செய்து காட்டியிருந்தது.

அதனால் 'பந்தயத்தில் தோற்றார்' என்று எழுதுபவர்கள்மேல் எனக்குக் கோபம் வருகிறது. அந்த மரபணு இருக்கிறது என்று யாரும் நம்பாத காலத்தில் பதினாறு ஆண்டுகள் தேடியவர் அவர். அவர் இடத்தைக் காட்டிய பிறகுதான் பந்தயமே தொடங்கியது.

---

தென்றல் எழுதியது:

யாரும் அர்ஜென்டினாவைத் தொடவில்லையே! எனக்கு அவரைத் தெரிந்ததே அந்த வழியில்தான்.

1973இல் அவர் சிலியின் சாண்டியாகோவில் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது அங்கே ராணுவப் புரட்சி நடந்தது. லத்தீன் அமெரிக்காவோடு அவருக்கு உண்டான பிணைப்பு அதோடு அறுந்துவிடவில்லை. 1976 முதல் 1983 வரை அர்ஜென்டினாவில் ராணுவ ஆட்சி. கர்ப்பிணிகளைக் கடத்தி, சிறையில் பிரசவம் பார்த்து, தாயைக் கொன்றுவிட்டுக் குழந்தையை ராணுவத்துக்கு வேண்டியவர்களிடம் கொடுத்தார்கள். ஏறத்தாழ 500 குழந்தைகள் என்று பாட்டிகளின் அமைப்பு மதிப்பிடுகிறது. மே சதுக்கத்துப் பாட்டிகள் என்று அறியப்படும் அவர்கள் 1977இலேயே ஒன்றுசேர்ந்து தேடத் தொடங்கிவிட்டார்கள்.

அவர்கள் விஞ்ஞானிகளிடம் கேட்டது இதுதான்: பெற்றோர் இருவரும் இல்லை, எங்கள் ரத்தத்தை வைத்தே இது எங்கள் பேரப்பிள்ளை என்று நிரூபிக்க முடியுமா? தந்தை யார் என்று பார்க்கும் கணக்கு அப்போது உண்டு. நடுவில் ஒரு தலைமுறையே இல்லாதபோது என்ன செய்வது? நாடுகடந்து நியூயார்க்கில் இருந்த அர்ஜென்டினா மரபியலாளர் விக்டர் பென்சாசாதே உட்படச் சிலர் அந்தக் கணக்கில் இறங்கினார்கள். 1984இல் அர்ஜென்டினா போன கிங், புவெனஸ் ஐரெஸில் டுராண்ட் மருத்துவமனை ஆய்வகத்தோடு சேர்ந்து அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். உறுப்பு மாற்றுக்குப் பார்க்கும் எச்எல்ஏ வகைகள் ஆளுக்கு ஆள் மிக அதிகமாக மாறுபடும் என்பதால், நான்கு தாத்தா பாட்டிகளிடமும் அவற்றைப் பார்த்து, குழந்தையிடம் இருப்பது அவர்களிடமிருந்து வந்திருக்கும் வாய்ப்பைக் கணக்கிட்டார்கள். அந்த ஆண்டே ஒரு சிறுமியை நீதிமன்றம் அவள் குடும்பத்திடம் திருப்பிக் கொடுத்தது.

ஆனால் நான்கு பேரும் உயிரோடு இல்லாத குடும்பங்கள் நிறைய. அங்கே கைகொடுத்தது, செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் தனியாக இருக்கும் டிஎன்ஏ. அது தாய் வழியில் மட்டும் வரும், கலக்காமல் வரும். அம்மாவின் அம்மா ஒருவர் இருந்தால் போதும். அவரும் இல்லையென்றால் பெரியம்மா, சித்தி, தாய்மாமன் யாராவது ஒருவர். 1987இல் தேசிய மரபணுத் தரவு வங்கியே சட்டப்படி அமைந்தது. இதுவரை 130க்கும் மேற்பட்ட பேரப்பிள்ளைகள் யார் என்று தெரியவந்திருக்கிறது. தேடல் இன்றும் நடக்கிறது. அந்தப் பிள்ளைகளுக்கு இப்போது வயது நாற்பதுக்கு மேல்.

---

நுண்ணோக்கி எழுதியது:

தென்றல், இதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். மைட்டோகாண்ட்ரியாவை வைத்துப் பார்க்கும் யோசனை வந்தது வில்சனிடமிருந்து. அதே 1987இல் வில்சன், ரெபெக்கா கேன், மார்க் ஸ்டோன்கிங் மூவரும் 147 பேரின் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவை ஒப்பிட்டு, இன்றைய மனிதர்கள் எல்லோருக்கும் பொதுவான தாய்வழி மூதாதை ஆப்பிரிக்காவில் இருந்தார் என்ற கட்டுரையை வெளியிட்டார்கள். சுமார் 2 லட்சம் ஆண்டுக் கதையைச் சொன்ன அதே மூலக்கூறு, அதே ஆண்டுகளில், ஒரு பாட்டியையும் பேத்தியையும் நீதிமன்றத்தில் சேர்த்து வைத்தது. இளவேனில் சொல்லும் ஒரே கேள்விக்கு இதைவிட நேரான சாட்சி என்னிடம் இல்லை. வில்சன் 1991இல் 56 வயதில் ரத்தப் புற்றுநோயால் இறந்துபோனார்.

கோஸ்டாரிகா செவித்திறன் ஆய்வையும் மறந்துவிட வேண்டாம். கார்த்தாகோ நகரத்தில் ஒரே குடும்பத்தில் 1700கள் முதல் தலைமுறை தலைமுறையாகக் காது கேட்காமல் போகிறது. பத்து வயதுவாக்கில் தொடங்கி முப்பதுக்குள் முழுக்கப் போய்விடும். அந்நாட்டு ஆய்வாளர் பெட்ரோ லியோனோடு சேர்ந்து கிங் குழு 1997இல் அந்த மரபணுவைக் கண்டது. அதற்கு இணையான மரபணு பழ ஈயில் ஏற்கெனவே தெரிந்திருந்தது. ஈயில் செல் பிரிவதற்கு வேண்டிய மரபணு, மனிதக் காதுக்குள் இருக்கும் மயிரிழைச் செல்களின் உள்கட்டமைப்பைத் தாங்குகிறது.

---

புள்ளிவிவரம் எழுதியது:

இதுவரை எல்லோரும் புகழ்ந்தாகிவிட்டது. நான் முரண்படும் ஓர் இடமும் உண்டு.

2010இல் மனநல மருத்துவர் ஜான் மெக்லெல்லனும் கிங்கும் ஒரு வாதம் வைத்தார்கள். கடுமையான நோயைத் தரும் மரபணு மாற்றம் நீண்ட நாள் நிலைக்காது, இயற்கைத் தேர்வு அதைக் களைந்துவிடும். ஆகவே நோய் தரும் மாற்றங்கள் பெரும்பாலும் புதியவை, அரியவை, சில சமயம் ஒரே குடும்பத்துக்கு மட்டும் உரியவை. பிஆர்சிஏ1, அதே புற்றுநோய்களோடு தொடர்புள்ள இன்னொரு மரபணுவான பிஆர்சிஏ2 இரண்டிலும் ஆயிரக்கணக்கான வெவ்வேறு மாற்றங்கள் தெரிந்திருப்பது இதற்குப் பொருந்துகிறது. ஒவ்வொன்றும் தனித்தனியாக அரிது. இதன்படி, மக்கள் தொகையில் பரவலாக இருக்கும் மாற்றங்களை லட்சக்கணக்கானவர்களிடம் தேடும் ஆய்வுகள் பெரிய பலன் தராது என்று அவர்கள் சொன்னார்கள்.

மனச்சிதைவு நோயில் கிங் குழு 2008இல் அரிய மாற்றங்களைக் கண்டது உண்மைதான். ஆனால் அதே நோயில் அந்தப் பெரிய ஆய்வுகள் 2014இல் 108 இடங்களையும் 2022இல் 287 இடங்களையும் காட்டின. எல்லாம் பரவலான மாற்றங்கள். ஒவ்வொன்றின் தாக்கமும் மிகச் சிறிது, சேர்ந்தால் கணிசம். அவர் வாதம் பாதி நின்றது, பாதி நிற்கவில்லை என்பதுதான் என் மதிப்பீடு.

---

இளவேனில் எழுதியது:

எண்களை மறுக்கவில்லை. ஆனால் அந்த 287 இடங்களில் மிகப் பெரும்பாலானவை புரதத்தைக் குறிக்காத பகுதிகளில் விழுகின்றன என்பதையும் சேர்த்துப் பாருங்கள். மரபணு எவ்வளவு வேலை செய்கிறது என்பதை மாற்றும் இடங்கள். அதாவது 2010ஆம் ஆண்டு கிங்கை மறுக்கும் ஆய்வு 1975ஆம் ஆண்டு கிங்கின் பக்கம் நிற்கிறது! ஒரு நோயாளிக்கு என்ன செய்வது என்று வந்தால் மட்டும், அரிய, பெரிய மாற்றம்தான் கைக்கு எட்டுகிறது. பரம்பரை மார்பக, சினைப்பைப் புற்றுநோய்களைத் தடுக்க முடிவது அதனால்தான்.

இளம் ஆய்வாளர்கள் பலருக்குத் துறை மாறினால் வேலை போய்விடும் என்ற பயம் இருக்கிறது. பயம் நியாயமானது, நிதி கொடுப்பவர்கள் அப்படித்தான் பார்க்கிறார்கள். கிங்கால் முடிந்ததற்குக் காரணம், போன இடமெல்லாம் அவர் ஒரு முறையைத் தூக்கிக்கொண்டு போனார்: குடும்பம், கணக்கு, மூலக்கூறு. அந்த மூன்றும் இல்லாமல் வெறும் ஆர்வத்தில் போயிருந்தால் கதை வேறு.

---

செவ்வந்தி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. வயதுவாரியாக அடுக்கியதைப் படித்தபோது அக்காவின் 38தான் மனதில் நின்றது. அவளுக்குப் பரிசோதனையில் பிஆர்சிஏ1 மாற்றம் இருப்பதாக வந்திருக்கிறது. நானும் பார்க்க வேண்டுமா? எங்கள் அம்மா பக்கம் யாருக்கும் இந்த நோய் இல்லை. அதனால் எனக்கு இருக்காது என்று வீட்டில் சொல்கிறார்கள்.

---

வெண்கோட்டு எழுதியது:

செவ்வந்தி, நான் புற்றுநோய் மருத்துவத்தில் இருப்பவன். இங்கே எழுதுவது பொதுத் தகவல்தான், உங்கள் முடிவை மரபியல் ஆலோசகரோடு உட்கார்ந்து எடுங்கள். ஆனால் வீட்டில் சொல்வது சரியில்லை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

இந்த மாற்றம் அப்பா வழியிலும் அதே அளவுக்கு வரும். ஆண்களில் அது பெரும்பாலும் வெளியே தெரியாமல் இருக்கும். அப்பா, தாத்தா என்று இரண்டு தலைமுறை ஆண்கள் வழியாக வந்தால் குடும்பத்தில் நோயே இல்லாதது போலத் தோன்றும். கிங்கும் இஸ்ரேலில் எஃப்ராத் லெவி லஹாத் குழுவும் 2014இல் இதைத்தான் காட்டினார்கள். 8,000க்கும் மேற்பட்ட ஆரோக்கியமான அஷ்கெனாசி (ஐரோப்பிய வழி) யூத ஆண்களைப் பரிசோதித்து, மாற்றம் உள்ளவர்களைக் கண்டு, அவர்கள் வீட்டுப் பெண்களைப் பார்த்தார்கள். அந்தக் குடும்பங்களில் ஏறத்தாழ பாதியில் சந்தேகப்படும்படியான நோய் வரலாறு எதுவும் இல்லை. ஆனால் மாற்றம் உள்ள பெண்களுக்கு 80 வயதுக்குள் மார்பகப் புற்றுநோயோ சினைப்பைப் புற்றுநோயோ வரும் வாய்ப்பு பிஆர்சிஏ1இல் 83 சதவீதம், பிஆர்சிஏ2இல் 76 சதவீதம். அந்த ஆண்டே கிங், முப்பது வயதுவாக்கில் எல்லாப் பெண்களுக்கும் இந்தப் பரிசோதனையை வழக்கமாக்க வேண்டும் என்று வாதிட்டார். புற்றுநோய் வந்த பிறகு ஒரு பெண்ணிடம் மாற்றத்தைக் கண்டால் அது தடுக்கத் தவறியதுதான் என்பது அவர் நிலைப்பாடு. எல்லோருக்கும் செய்வதில் எனக்குத் தயக்கம் உண்டு. ஆலோசனை சொல்ல ஆள் போதாது, பொருள் தெளிவில்லாத மாற்றங்கள் வந்து வீணாகப் பயமுறுத்தும். அவரும் தெளிவாகக் கேடு செய்பவற்றை மட்டுமே சொல்ல வேண்டும் என்றுதான் எழுதினார்.

ஆனால் உங்கள் நிலை அது இல்லை. உங்களுக்கு வந்திருக்கும் வாய்ப்பு சரிபாதி, 50 சதவீதம். இல்லை என்று வந்தால் மற்றவர்களுக்கு உள்ள அளவு ஆபத்துதான் உங்களுக்கும். இருக்கிறது என்று வந்தால் செய்ய நிறைய உண்டு: இளவயதிலிருந்தே ஆண்டுதோறும் மார்பக எம்ஆர்ஐ, பிள்ளைப்பேறு முடிந்தபின் 35 முதல் 40 வயதுக்குள் சினைப்பையையும் கருக்குழாய்களையும் அகற்றுவது, விரும்பினால் மார்பக அறுவை. ஒருவேளை நோய் வந்தாலும், டிஎன்ஏ பழுதுபார்க்க முடியாத அந்தச் செல்களின் பலவீனத்தையே குறிவைக்கும் ஓலாபரிப் போன்ற மருந்துகள் 2014 முதல் இருக்கின்றன.

போகும்போது அக்காவின் பரிசோதனை அறிக்கை நகலைக் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள். மரபணுவில் எந்த இடத்தில் என்ன மாற்றம் என்று அதில் எழுதியிருக்கும். உங்களுக்கு முதலில் அந்த ஓர் இடத்தைப் பார்ப்பார்கள். அப்பாவுக்கும் பரிசோதனை செய்ய முடியுமா என்று கேளுங்கள். அவர் வழியில் என்று தெரிந்தால் உங்கள் அத்தைகளுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் சொல்ல வேண்டியிருக்கும்.

---

செவ்வந்தி எழுதியது:

நன்றி டாக்டர். அப்பாவுக்கு இரண்டு தங்கைகள், இருவருக்கும் பெண் பிள்ளைகள். அப்பாவிடம் இன்று இரவே பேசுகிறேன். ஆலோசகரைப் பார்த்துவிட்டு வந்து இங்கே எழுதுகிறேன்.